அபூ சலீம் வீட்டுக்குக் கூரை போட்ட வெள்ளிக்கிழமை

ஊஸ்டரிலிருந்து சூரிச்சுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருப்பவர் பையைத் திறந்து, கடதாசியில் சுற்றிய பாணையும் சீஸையும் எடுத்து, என் முகத்துக்கு நேரே சாப்பிடுவார். ஒரு துண்டு வேணுமோ என்று வாயில் வராது. வந்த புதிதில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகுதான் விளங்கியது, இந்த நாட்டில் அதுதான் மரியாதை. மற்றவனிடம் எதையும் வாங்காமல், மற்றவனுக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பவனே இங்கு நல்ல மனிதன். இந்த மரியாதை ஒருதரம் ஜோர்டானில் ஒரு குடும்பத்தின் வீட்டைப் பாதியில் நிறுத்தப் பார்த்தது. நிற்க விட்டேனா நான்?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் குவைத்தில் மேசன் வேலையையும் அரபையும் ஒன்றாகப் படித்தவன். எண்பதுகளில் சூரிச்சில் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் கோப்பை கழுவினேன். அங்கே படித்த பிள்ளைகள் சிலர், கோடை விடுமுறையில் ஜோர்டானுக்குப் போய் ஏழைக் குடும்பங்களுக்குச் சம்பளமில்லாமல் வீடு கட்டப் போவதாகவும், அரபு மக்களின் வாழ்க்கையைப் பழகி வரப்போவதாகவும் கதைத்தார்கள். “உங்களிலை ஆருக்காவது சீமெந்து குழைக்கத் தெரியுமோ?” என்று அவர்களின் தலைவி ரெகுலாவிடம் கேட்டேன். “அப்ப நீங்களும் வாங்கோவன்” என்றாள். எனக்கு அப்போதுதான் அகதி அந்தஸ்துக் கிடைத்திருந்தது. ஓம் என்றுவிட்டேன். என்னோடு அறையில் இருந்த தவம் விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணை, அரபிக்குச் சம்பளத்துக்குக் கல்லுத் தூக்கினது காணாதெண்டு, இப்ப சும்மா தூக்கப் போறியளோ?”

அம்மானுக்குத் தெற்கே ஒரு சிறு ஊர். நாங்கள் வீடு கட்டிக் கொடுக்கப் போன அபூ சலீம், மனைவி பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருந்தார். சுவர்களை எழுப்பிவிட்டோம். ஊராரும் கைகொடுக்கட்டும் என்று, லீவு நாளான வெள்ளிக்கிழமை கூரைக்குக் கொங்கிறீற் ஊற்றத் தொடங்கினோம். பாதி ஊற்றியாயிற்று. மற்றப் பாதியைத் தாமதிக்காமல் ஊற்றாவிட்டால் இரண்டும் ஒட்டாது, மாரி மழைக்கு வீடு ஒழுகும். தொழுகை முடித்து வந்த அபூ சலீம், ஒரு பெரிய தட்டில் சோற்றையும் ஆட்டிறைச்சியையும் குவித்துக் கொண்டுவந்து வைத்தார். கூரை போடும் நாளில் வேலையாட்களுக்கு விருந்து வைப்பது அங்கே வழக்கம். எங்கள் பிள்ளைகளோ நிழலில் இருந்தபடி, “வேண்டாம், நன்றி, எங்களிட்டை இருக்கு” என்று பாண் பொட்டலங்களைத் தூக்கிக் காட்டினார்கள்.

அபூ சலீம் போய்க் கொங்கிறீற் குழைக்கும் மிக்சரை நிற்பாட்டினார். “என்ர சோறு வேண்டாதவை போடுற கூரை எனக்கு வேண்டாம். போங்கோ” என்றார் அரபில். நான் மொழிபெயர்த்தேன்.

ரெகுலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இருந்த ஆட்டையும் அடிச்சுப்போட்டினம். கஷ்டப்பட்ட சனத்தின்ர சாப்பாட்டை நாங்கள் எப்பிடித் தின்னுறது?”

“பிள்ளை, அடிச்ச ஆடு இனி எழும்பி ஓடாது. வந்து இரும்” என்றேன் நான்.

வெள்ளிக்கிழமைகளில் நான் மச்ச மாமிசம் தொடுவதில்லை. முருகனை அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கையைக் கழுவி, தட்டின் முன்னால் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். அபூ சலீம் என்னைப் பார்க்கவேயில்லை. “உப்புக் கொஞ்சம் குறைவு” என்றேன்.

“குறைவோ? அதைப் போய் என்ர மனிசியிட்டைச் சொல்லிப் பார்!” என்று சீறியவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்ததை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ரெகுலா தன் பாணைப் பிய்த்து, பாதியை அபூ சலீமிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கடித்தார். முகம் கோணியது. “இதென்ன, குளிக்கிற சவர்க்காரமோ?” நான் அதையும் மொழிபெயர்த்தேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தபடி வந்து தட்டைச் சுற்றி இருந்தார்கள். முழங்கை வரை சோறு வழிய, எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். தட்டு ஒதுங்கியதும் மிக்சரை இயக்கியவர் அபூ சலீமேதான். பொழுது படுமுன் கூரை முழுதாக நின்றது. எத்தனையோ கட்டடங்களில் வேலை செய்திருக்கிறேன். ‘நான் கட்டிய வீடு’ என்று சொல்ல எனக்கு அது ஒன்றுதான்.

திரும்பி வந்து சூரிச் விமான நிலையத்தில் இறங்கினோம். சுவிஸ்காரருக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. நான் என்னுடையதில் போய் நின்றேன். பார்த்தால், ரெகுலாவும் மற்றப் பிள்ளைகளும் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். “உங்கடை வரிசை அங்காலை” என்றார் அதிகாரி. “தெரியும். நாங்கள் இவரோடை வந்தனாங்கள்” என்றாள் ரெகுலா. பின்னால் அத்தனை சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டுகள் காத்து நிற்க, இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று எழுதிய என் நீல அகதிப் பயணப் புத்தகத்தை நெஞ்சை நிமிர்த்தி முதலில் நீட்டினேன்.