ஒன்றும் கலக்கவில்லை என்றேன்

முட்டையும் பாலும் வெண்ணெயும் கலந்த பான்கேக்கை, அவற்றைத் தொடவே தொடாத ஒரு குடும்பத்துக்குத் தெரிந்துகொண்டே சாப்பிடக் கொடுத்தேன். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள்!

கை தவறிவிட்டது, தட்டு மாறிவிட்டது என்று எனக்காக நீங்கள் காரணம் தேடவேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

என் வீடு டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இருக்கிறது. அங்கிருந்து கார் ஓட்டிப் போகிற தூரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா, அதோடு சேர்ந்து ஒரு விடுதி. அந்த விடுதியின் காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், நீலக் கரடி வேடமிட்ட ஒருவர் மேசை மேசையாக வந்து அவர்களைக் கட்டிப்பிடிப்பார், படம் எடுக்க நிற்பார். அதற்காகவே முன்பதிவு செய்து வருவார்கள்.

மீந்த தட்டுகளை வழித்துக் கொட்டுவது என் வேலை. கடித்துத் துப்பிய சொசேஜ், கெச்சப்பில் மிதக்கும் முட்டை, தட்டோடு உறைந்துபோன பன்றிக் கொழுப்பு... குளித்தாலும் அந்த வாடை தலைமயிரில் நிற்கும். மனிதர்கள் இப்படியா சாப்பிடுவார்கள் என்று முகம் சுளித்தபடியே ஆறு வருடங்கள் வேலை செய்தேன். இன்று யாரைப் பார்த்து முகம் சுளிப்பேன்?

அது இலையுதிர்காலப் பள்ளி விடுமுறை. கூடம் நிறைந்து வழிந்தது. கணவன், மனைவி, ஏழு வயதுப் பெண்பிள்ளை என்று மூன்று பேர் வந்து ஜன்னலோரம் அமர்ந்தார்கள். மனைவி என் சட்டையிலிருந்த பெயரை வாசித்துவிட்டு, நான் தமிழா என்று கேட்டாள். அவள் முகத்தில் எவ்வளவு ஆறுதல்! அவள் பெயர் சுகந்தி. ஹோர்சன்ஸ் நகரத்திலிருந்து விடுதியில் தங்க வந்திருந்தார்கள். தாங்கள் வீகன் என்று முன்பதிவிலேயே எழுதியிருந்தார்களாம். இறைச்சி, மீன் மட்டுமல்ல. பால், முட்டை, தேன்கூட இல்லை.

அவர்களுக்கென்று கூடத்தில் பாணும் பழமும் அவித்த பயற்றங்காயும்தான் இருந்தன. பால், முட்டை சேராத பான்கேக் கேட்டால் தனியாகச் சுட்டுக் கொடுப்போம். ஆனால் அதற்கெனக் கரைத்து வைத்திருந்த மா முடிந்திருந்தது. புதிதாகக் கரைத்து, வேறு சட்டி கழுவிச் சுட்டு எடுக்க இருபது நிமிடமாவது ஆகும். கரடி வருகிற நேரம். சிறுமியோ பக்கத்து மேசைப் பிள்ளையின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் சனத்துக்கு ஏன் இந்தப் பவுசு என்று எனக்குள் ஓர் எரிச்சல் எழுந்தது. ஆம், எழுந்தது! டேனிஷ்காரர் கேட்டிருந்தால் ஓடிப்போய் மா கரைத்திருப்பேன்.

எல்லோருக்கும் சுட்டு வைத்திருந்த தட்டத்திலிருந்து ஆறு பான்கேக்குகளை எடுத்துக்கொண்டு போனேன்.

“அக்கா, இதில முட்டை, பால் ஒண்டும் இல்லைத்தானே?” என்று சுகந்தி கேட்டாள்.

“ஓம் தங்கச்சி, ஒண்டும் கலக்கேல்லை. நானே நிண்டு சுட்டனான்.”

கேட்டதற்குப் பதில் சொன்னதோடு நிறுத்தினேனா? இல்லை... நானே சுட்டேன் என்று கேளாததையும் சேர்த்துச் சொன்னேன்.

கோப்பி ஊற்றப் போனபோது, கணவர் பழம் எடுக்க எழுந்து போயிருந்தார். சுகந்தி அவரைப்பற்றித் தணிந்த குரலில் சொன்னாள். பதினொரு வருடங்கள் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். ஒரு நாள் காலையில் கத்தியைப் பிடித்த கை அசையவில்லையாம். அதன் பிறகு இறைச்சியை விட்டார், பிறகு பாலையும் முட்டையையும் விட்டார். அவருக்காகத் தாயும் மகளும் விட்டார்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலே அவருக்குக் குமட்டுமாம். கலியாண வீட்டுக்கும் சாப்பாட்டுப் பெட்டியோடுதான் போவாராம். அன்றும் அவருடைய பைக்குள் பெட்டி இருந்தது, அதைத் திறக்கவில்லை.

தட்டை எடுக்கப் போனேன். துடைத்ததுபோல் இருந்தது.

“அக்கா, எட்டு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வெளியில பயமில்லாமல் சாப்பிட்டனான்” என்றார் அவர்.

நான் சிரித்தேன். சிரித்தேன்! பிறகு அந்தத் தட்டைக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோனேன். வழித்துக் கொட்ட அதில் ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் விடியவே அவர்களுக்கென்று மா கரைத்தேன், வேறு சட்டியில் சுட்டேன். உண்மையாகவே சுட்டேன்... வெளிறி, ஓரம் பிய்ந்து, வாழைப்பழம் மணக்க வந்தது. முதல்நாள் சாப்பிட்டதோடு அதற்கு எந்த ஒற்றுமையும் இல்லை. இதை வாயில் வைத்தால், நேற்றுத் தின்றது என்னவென்று அவருக்கு விளங்கிவிடும்.

அதைக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். மறுபடியும் பொதுத் தட்டத்திலிருந்து எடுத்தேன்.

முதல்நாள் செய்ததைச் சோம்பல் என்று சொல்லித் தப்பலாம். இதற்கு என்ன பெயர் வைப்பேன்? நீங்கள்தான் சொல்லுங்கள்.

அவர் மூன்று சாப்பிட்டார். சிறுமி, உலகத்திலேயே இதுதான் நல்ல பான்கேக் என்று டேனிஷில் என்னிடம் சொன்னாள். உதட்டுக்குக் கீழே அவளுடைய நாடியில் வெண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. கரடி வந்து அவளைத் தூக்க, தகப்பன் படம் எடுத்தார். அந்த மினுக்கத்தைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புறப்படும்போது சுகந்தி செய்முறை கேட்டாள். ஓட்ஸ் பால், கடலை மா, கனிந்த வாழைப்பழம், ஒரு சிட்டிகை உப்பு... வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கைபேசியில் எழுதிக்கொண்டாள்.

நான் மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண். தவக்காலம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள். கோபத்தைச் சொன்னேன், பொறாமையைச் சொன்னேன். இதை மட்டும் சொல்ல வாய் திறக்கவில்லை. சுவாமியார் மன்னித்துவிடுவார் என்று தெரியும். அவர் மன்னித்து என்ன ஆகப்போகிறது? சாப்பிட்டவர் அவர் இல்லையே!

இந்த வசந்தகாலத்தில் ஹோர்சன்ஸில் ஒரு கலியாணம். பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்த என்னைத் தேடிக்கொண்டு மூவரும் வந்தார்கள். அவருடைய கையில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. என் தட்டைக் கை துடைக்கும் கடதாசியால் மூடினேன். பான்கேக்கை எத்தனை தரம் செய்தும் நான் கொடுத்ததுபோல் வருவதில்லை என்று சுகந்தி குறைப்பட்டாள்.

“வாழைப்பழத்தை இன்னும் கொஞ்சம் கனிய விட்டுப் பாருங்கோ” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, அடுத்த ஒக்டோபருக்கும் விடுதியில் இடம் பதிந்துவிட்டதாகச் சொன்னாள். “இவர் வேற எங்கேயும் வாய் வைக்கமாட்டார் அக்கா. உங்கட கையால எண்டால் மட்டும்தான்.”

அந்த வாரம் விடுப்புக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் இல்லாத நாளில், வேறு யாராவது அவருக்கு முறைப்படி, உண்மையாகவே ஒன்றும் கலக்காததைச் சுட்டுக் கொடுத்துவிடுவார்களே... ஒரு வாயிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே நான் விடுப்பு எடுக்கவில்லை. காலை வேலைக்கே பெயர் கொடுத்திருக்கிறேன்.