தலையில் வைக்காத பூ

தலையில் பூ வைத்துக்கொண்டதற்காக அடி வாங்கிய பெண் ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரி ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் யாரிடம்? என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்திராத அத்தையிடம். அப்போது எனக்கு ஏழு வயது. அந்த ஒரு முழம் மல்லியால் ஒரு பூனைக்குட்டியின் உயிர் போனது. சொல்லிவிடுகிறேன், உள்ளேயே வைத்துக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்கள் வீடு பவர்லூம் ஷெட்டை ஒட்டினாற்போல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடும். எங்கள் தெருவில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், இவர்கள் ஏன் எந்நேரமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். கரண்ட் போனால்தான் எங்களுக்குக் காது என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். நைனா, அதாவது என் அப்பா, அந்த ஷெட்டில்தான் தறி ஓட்டினார்.

அந்த வருஷம் அம்மா முழுகாமல் இருந்தாள். எட்டாம் மாசத்திலேயே வலி கண்டுவிட, நைனா அவளைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குத் துணையாகக் கார்வேட்டிநகரத்திலிருந்து அத்தை வந்தாள். அத்தை என்றால் நைனாவின் அக்கா. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, எடை பற்றவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. மூன்றாம் நாள் பாப்பா இறந்துபோயிற்று. அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"பாப்பாவ ஆஸ்பத்திரியிலயே வெச்சிக்கினாங்கடி. பெருசானதும் குடுப்பாங்க" என்றாள் அத்தை.

நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? ஆஸ்பத்திரி என்றால் பள்ளிக்கூடம் மாதிரி, கொஞ்ச நாள் வைத்திருந்து ஆளாக்கித்தான் அனுப்புவார்கள் என்று நானே ஒரு விளக்கமும் செய்துகொண்டேன்.

அதற்கு முந்தின நாள்தான் ஷெட்டில் எலி பிடித்துக்கொண்டிருந்த வரிப்பூனை புத்தூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தது. நூல் மூட்டைக்குப் பின்னால் அது மூன்று குட்டி போட்டிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். இரண்டு விறைத்துப் போயிருந்தன. ஒன்று மட்டும் கண் திறக்காமல், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கத்தியிருக்க வேண்டும். தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை மாற்றுத்துணி எடுத்துப்போக நைனா வந்தார். வாசலில் நின்று செல்லில் ஓனரிடம் பேசினார். ஓனர் தெலுங்குக்காரர். "பில்ல போயிந்தன்னா. ரெண்டு ரோஜுலு ரானு" என்றார் நைனா. தெலுங்கில் பில்ல என்றால் குழந்தை, பில்லி என்றால் பூனை. குழந்தை போய்விட்டது, இரண்டு நாள் வரமாட்டேன் என்று அவர் சொன்னது, எனக்குப் பூனை போய்விட்டது என்று காதில் விழுந்தது. ஷெட்டுப் பூனை செத்ததற்கு இரண்டு நாள் லீவு போடுகிற தகப்பன் யாருக்குக் கிடைப்பான்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "கவலப்படாத நைனா, ஒரு குட்டி உயிரோடதான் கீது" என்றேன். நைனா என் தலையைத் தடவிவிட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் கழிவு நூலைப் பரப்பி, குட்டியை அதில் படுக்கவைத்தேன். பாப்பா கண்ணாடிப் பெட்டியில் இருக்கும்போது குட்டிக்கு மட்டும் வெறும் பெட்டியா என்று, புடவைக் கவரைக் கிழித்து மேலே ஒட்டினேன். மூச்சு விட ஓட்டை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதன் அதிர்ஷ்டம். இங்க் ஃபில்லரில் பாக்கெட் பாலை எடுத்து வாயில் விட்டேன். பாதி மூக்கு வழியாக வந்தது, மீதி வெளியே வழிந்தது. அத்தை பார்த்துவிட்டு, "சாவப்போறத ஏன்டி சித்ரவத பண்ணிக்கினு கீற?" என்றாள்.

அடுத்த நாள் அம்மா வந்தாள். வயிறு காணாமல் போயிருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் கூப்பிடவில்லை. உள் அறையில் பாயை விரித்துச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழவும் இல்லை.

அன்று சாயங்காலம் அத்தை பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லி வாங்கினாள். எனக்குத்தான் என்று பின்னலைத் திருப்பிக் காட்டினேன். "உனக்கில்ல, அந்தாண்ட போடி" என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சரி, அம்மாவுக்குப் போல என்று எட்டிப் பார்த்தால், அம்மாவின் தலையிலும் பூ இல்லை. மறுநாளும் பூ வந்தது, மறுநாளும் யார் தலையிலும் இல்லை. வீடு முழுக்க மட்டும் கல்யாண வீடு மாதிரி மணத்தது. குடிக்கப் பிள்ளை இல்லாத தாய்க்கு மார்மேல் மல்லிப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்துக் கைவைத்தியம். பல வருஷம் கழித்து, என் பிரசவத்தின்போது பக்கத்துக் கட்டில்காரிக்கு அவள் தாயார் கட்டிவிட்டதைப் பார்த்துத்தான் எனக்கே அது தெரிந்தது. ஏழு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை ஓரவஞ்சனைக்காரி என்பதுதான்.

அம்மா வந்த மறுநாள் மத்தியானம் அத்தை ரேஷனுக்குப் போயிருந்தாள். நான் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஃபில்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதன் கழுத்து நிற்கவில்லை. திடீரென்று கரண்ட் போனது. எட்டுத் தறியும் நின்றன. அந்த அமைதியில் குட்டி கத்தியது எனக்கே முதல்முறையாகக் கேட்டது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு குரலா என்று ஆகிவிட்டது. உள் அறைக் கதவு திறந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. சொம்புத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"இன்னாது அது?"

"பூனைக்குட்டிம்மா. அதோட அம்மா லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சி. பால் குடுத்தா மூக்குல வருது."

அம்மா அதை உள்ளங்கையில் வாங்கினாள். "எப்ப பொறந்திச்சி?"

"நம்ப பாப்பா பொறந்தப்பதாம்மா" என்றேன்.

அம்மா குட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பாப்பாவுக்குப் பால் புகட்டவென்று வாங்கி வைத்திருந்த எவர்சில்வர் பாலாடையைக் கழுவி எடுத்துவரச் சொன்னாள். "நீ வாசல்ல நில்லு. அத்த வந்தா கொரல் குடு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடி கூப்பிட்டபோது பாலாடை நிறையப் பால் இருந்தது. வெள்ளை நூலைத் திரியாக முறுக்கி, அதில் தோய்த்துத் தோய்த்துக் குட்டியின் வாயில் வைத்தாள். அது சப்பியது! முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டு சப்பியது. வயிறு நிறைந்ததும் ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவிவிட்டாள். தாய்ப்பூனை நக்கிவிடுவது போலத் தடவினால்தான் குட்டிக்கு ஒண்ணுக்கு வருமாம். வந்தது, அம்மாவின் புடவையிலேயே. அம்மா சிரித்துவிட்டாள்.

"ஏதும்மா இந்தப் பாலு?" என்று கேட்டேன்.

"கீது" என்றாள்.

ஆறு நாள் இப்படியே நடந்தது. அத்தை வெளியே காலை வைத்தால் நான் வாசலுக்குப் போய்விடுவேன். குட்டிக்குக் கழுத்து நின்றது, வயிறு உருண்டது. அம்மா எழுந்து உட்கார்ந்தாள், எனக்குத் தலை வாரிவிட்டாள். ஏழாம் நாள் காலையில் குட்டிக்கு ஒரு கண் திறந்தது. நீலமும் சாம்பலுமாக ஒரு பொட்டு. "இன்னொன்னு நாளைக்கித் தொறக்கும் பாரு" என்றாள் அம்மா.

எனக்கு மட்டும் ஒரே குடைச்சல். அந்தப் பாலை அம்மா எங்கேதான் வைத்திருக்கிறாள்? பாக்கெட் பால் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. அலமாரியில் தேடினேன், அரிசி டின்னுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அம்மா குளிக்கப் போயிருந்தபோது பாயைத் தூக்கினேன். பால் இல்லை, பூ இருந்தது. ஆறு நாள் பூவும் சுருட்டிச் சுருட்டி அங்கேதான் கிடந்தது. மேலே கிடந்த முழம் மட்டும் இன்னும் வாடவில்லை. அடடா, இவ்வளவு பூவை வீணாக்குகிறார்களே என்று அதை எடுத்துப் பின்னலில் சொருகி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, நேராக அத்தையிடம் போய் நின்றேன்.

"ஏதுடி இந்தப் பூவு?"

"பாயடியில கெடந்திச்சி அத்த. அம்மாவுக்கு வாணாமாட்டம் கீது, கழட்டிப் போட்டுட்டிச்சி."

கன்னத்தில் அறை விழுந்தது. பூவைப் பின்னலோடு பிடித்து இழுத்துச் சாக்கடையில் எறிந்தாள். எனக்கு வாய் சும்மாவே இருக்காது, அடி விழுந்தால் கேட்க வேண்டுமா? பாலாடை, திரி, வாசல் காவல் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். அத்தை உள்ளே போனாள்.

"இன்னா காரியம் பண்ணிக்கினு கீற? புள்ளைக்கின்னு வந்த பால பூனைக்கி ஊத்துவாங்களா? நாளைக்கி இன்னொரு புள்ள தங்க வாணாமா உனக்கு?"

"பசின்னு ஒரு வாயி கத்துது அண்ணி" என்றாள் அம்மா. "எனக்கு நிக்க மாட்டேங்குது."

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்தாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். பாப்பாவுக்கென்று திருப்பதிக்கு அனுப்ப வேண்டிய பாலை எடுத்து அம்மா பூனைக்குக் கொடுத்திருக்கிறாள். தப்புதானே? அந்த ஒரு தடவை நான் மனசுக்குள் அத்தை பக்கம் நின்றேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சாயங்காலம் நைனா வந்தார். யாரையும் திட்டவில்லை. "ஒடம்பு தேறட்டும். அத நான் ஷெட்டுல பாத்துக்கறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பார்த்துக்கொள்ளவும் செய்தார். நூல் மாட்டுகிற நேரத்துக்கு நடுவே ஃபில்லரால் பாக்கெட் பால் புகட்டினார். ஆனால் குட்டிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. இங்கே அம்மாவுக்கு அத்தை பூவை வைத்து, துணியை முதுகுப் பக்கம் இறுக்கி முடிந்துவிட்டாள். அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் அடித்தது. அப்புறம் எல்லாம் வற்றிப்போனது.

நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டியைப் பார்த்தேன். குட்டி அசையவில்லை. இன்னொரு கண்ணும் திறந்திருந்தது. அம்மா ஏதாவது செய்வாள் என்று பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். அம்மா அதை மடியில் எடுத்துப்போட்டு, துணியை நனைத்து, அடிவயிற்றைத் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். எட்டுத் தறிச் சத்தத்தையும் தாண்டி அந்த அழுகை தெருவுக்குக் கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஒரு பூனைக்கு இவ்வளவு கூட்டமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"அழாதம்மா. பூனதான போச்சி. நாம திருப்பதிக்கிப் போயி பாப்பாவ வாங்கிக்கினு வந்துடலாம். இனிமே பாலெல்லாம் அதுக்கே குடு, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அம்மாவின் அழுகை இன்னும் பெரிதானது. நான் சொன்னது போதவில்லை போலிருக்கிறது என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டேன்: "பாப்பாவுக்கு இன்னா பேரும்மா வெக்கப்போற?"

"வாய மூடுடி" என்று அத்தை ஓடிவந்தாள். அதற்குள் அம்மா என்னை இழுத்து, என் காதில் வாயை வைத்து ஒரு பெயரைச் சொன்னாள். யோசிக்காமல் சொன்னாள். ரொம்ப நாளாக மனசுக்குள் கூப்பிட்டுப் பழகிய பெயராக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தண்ணீர். வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியிடமும் போய், எங்கள் பாப்பாவுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது என்று அந்தப் பெயரைச் சொன்னேன். ஒருத்தி, "நல்ல பேருடி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். குழாயடியில் குடம் வைத்திருந்தவள் என்னைக் கிட்டே இழுத்து, என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, பாதிக் குடத்தோடு எழுந்து போய்விட்டாள். தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. இத்தனை நேரம் வரிசையில் நின்றுவிட்டு, நிரம்புகிற குடத்தை யாராவது பாதியில் தூக்கிக்கொண்டு போவார்களா என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.