பிரம்புக் கூடையைப் பரணில் ஏற்றிய நாள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் முதல் பக்கத்தில் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த பக்கத்தில் அவருடைய நற்குணங்களை வரிசையாக எதிர்பார்ப்பீர்கள். குணத்துக்கு அக்காவிடம் என்ன குறைச்சல், சொல்கிறேன். ஆனால் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். பேனா பிடித்துப் பழக்கமில்லை. எனக்கு வருகிற மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நூம்பல் வீட்டில் அக்காவின் அறையை ஒழித்தோம். தையல் மிஷின் யாருக்கு, புடவைகள் யாருக்கு என்பதெல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. கடைசியாகப் பரணிலிருந்து மூடி போட்ட பெரிய பிரம்புக் கூடை ஒன்று இறங்கியது. என் மனைவி அதைத் தட்டித் தூசி பறக்கவிட்டு, "இத்த இன்னாங்க பண்றது? இப்பல்லாம் யாரு கூடைல சோத்தக் கட்டிக்கினு வெளியூர் போறாங்க? வழி பூரா ஓட்டல் கீது. எடைக்குப் போட்டாலும் எவனும் வாங்க மாட்டான்" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்வதென்றால், பதின்மூன்று வருஷமாக நான் வாயைத் திறக்காத ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று அவளிடம் "அங்கயே வை, அப்புறம் பாக்கலாம்" என்று மழுப்பிவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது ஆற்காட்டுக்குப் பக்கத்தில், அம்மா பிறந்த ஊரில். அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது கைக்குழந்தையாகக் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நான் ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தேன். அம்மாவுக்கு இழுப்பு நோய். அடுப்புப் புகை பட்டாலே மூச்சு வாங்கும். அதனால் பன்னிரண்டு வயதிலேயே அடுப்படி அக்காவின் பொறுப்பாகிவிட்டது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். மேலே படிக்க வைக்கவில்லை. "நான் போனா இவனுக்கு யாரு சோறு போடறது" என்று என்னைக் காட்டித் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எனக்கு அது அன்றைக்குப் பெருமையாக இருந்தது, அந்த லட்சணத்தில் வளர்ந்தவன் நான்.

எங்கள் பிளாக்கில் எட்டு வீடு. கோயம்புத்தூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், பக்கத்து வீட்டில் பூந்தமல்லியிலிருந்து வந்த நூர்ஜஹான் அக்கா குடும்பம் என்று ஆளுக்கொரு ஊர். காணும் பொங்கலன்று எட்டு வீடும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் பூண்டி ஏரிக்குப் போவது வழக்கம். அங்கே போய் எல்லா வீட்டுச் சோற்றையும் நடுவில் வைத்துப் பங்கிட்டுச் சாப்பிடுவோம். அதில் அக்காவின் தேங்காய் சாதத்துக்கு ஒரு மரியாதை உண்டு. திருநெல்வேலி மாமா, "முதல்ல அந்தக் கூடையத் தொறங்க தாயி, மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்" என்பார்.

கூடை கட்டுவதற்கு அக்கா ஒரு முறை வைத்திருந்தார். வடித்த சோற்றை வெள்ளைத் துணியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் நன்றாக ஆறவிடுவார். தாளித்துக் கலந்த பிறகும் ஒரு தடவை ஆறவேண்டும். புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு துளி தெரிந்தாலும் கட்டமாட்டார். பிறகு வாழை இலையில் பொட்டலம் பொட்டலமாக மடித்து, கூடைக்குள் இலை பரப்பி அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு மூடுவார். பிரம்பு இடுக்கு வழியாகக் காற்று போய்வரும். விடியற்காலையில் கட்டியது மத்தியானம் ஒன்றரை மணிக்கும் மணமாக இருக்கும். கூடைக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. வேனிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் ஒரு பிடி அக்கா, ஒரு பிடி நான்.

எனக்குப் பதினெட்டு வயதானபோது எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அதோடு அந்தக் கூடையைத் தூக்க வெட்கமும் வந்துவிட்டது. கூட வேலை செய்கிறவன் ஒருவன் ஒரு வருஷம் பூண்டியில் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், கோழி விக்க வந்துகீறியா?" என்று பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அந்த வருஷம் போனஸ் வந்ததும் நான் செய்த முதல் வேலை, பஜாருக்குப் போய் நீலக் கலரில் ஒரு ஐஸ் பெட்டி வாங்கியதுதான். வெளிநாட்டுச் சாமான். வைத்த சூடு வைத்தபடி இருக்கும் என்று கடைக்காரன் சொன்னான். அக்கா அதைத் திறந்து பார்த்தார், மூடினார். "அழகாதான்டா கீது. தண்ணி பாட்டில் வெச்சிக்கலாம். சோத்துக்கு வேணாம், காத்தே போவாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்து வந்த காணும் பொங்கல் எங்கள் வீட்டுக்கு முக்கியமான நாள். அக்காவுக்கு இருபத்தைந்து வயது. திருவள்ளூரில் ஒரு வரன் பொருந்தி வந்திருந்தது. வீட்டில் வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிடுவதைவிட, அவர்களும் பூண்டிக்கு வருகிறார்கள், பொண்ணு கையால் அங்கேயே ஒருவேளை சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்தார்கள். அம்மா எப்படியோ எழுந்து புளியோதரை மட்டும் கிளறிவிட்டார். தேங்காய் சாதம் அக்காவுடையது. கலந்து முடித்துவிட்டு, "நான் குளிச்சிட்டு ரெடியாவறேன். துணில பரப்பி ஆற வெச்சி, இலைல கட்டி கூடைல அடுக்கிடுடா. ஆறாம மட்டும் கட்டிடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடையைத் தூக்கிப் பரணில் ஏற்றினேன். ஆவி பறக்கிற சோற்றை அப்படியே அள்ளி ஐஸ் பெட்டியில் கொட்டி அமுக்கி மூடினேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சுடச்சுடச் சாப்பாடு, பளபளவென்று பெட்டி, நம் வீட்டுக்கு எவ்வளவு கௌரவம் என்று ஒரே குஷி எனக்கு.

வேன் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர், "இன்னா சார், கூடைய காணோம்? வருசா வருசம் அத்ததானே தூக்கினு வருவீங்க?" என்றார். அப்போதுதான் அக்கா பெட்டியைக் கவனித்தார். பட்டுப்புடவையும் பூவுமாக நின்றவர் முகம் சட்டென்று மாறியது.

"டேய், ஆறிச்சாடா?"

"ஆறிடுச்சிக்கா. நல்லா ஆற வெச்சிதான் போட்டேன்."

அக்கா என்னை நம்பினார். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினார்.

மத்தியானம் ஏரிக்கரையில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்தது. அக்கா குனிந்து பெட்டியைத் திறந்தார். எனக்குத் தூரத்திலேயே வாடை தெரிந்துவிட்டது. மூடியின் உள்பக்கம் முழுக்க வேர்த்துக் கொட்டியிருந்தது. கரண்டியை விட்டு எடுத்தால் சோறு நூல் விட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு பருக்கையை வாயில் வைத்துவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. புளியோதரையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "இது யார் பண்ணது? அம்மாவா? நல்லா இருக்குது" என்றார். அவ்வளவுதான்.

அப்பா, "எப்படிம்மா கெட்டுச்சு?" என்று கேட்டார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். "தெரியலப்பா. தேங்கா சரியில்லையோ இன்னாவோ. நான்தான் பாக்காம போட்டுட்டேன்" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லமாட்டேன், அது பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்பாவிடம் திட்டு வாங்கப் பயம், அத்தனை பேர் முன்னால் அசிங்கப்பட மனசில்லை, அதனால் பேசவில்லை.

நூர்ஜஹான் அக்காதான் தன் பழைய பிரம்புக் கூடையை இழுத்து வந்து, "அட, விடுங்கம்மா. எங்க ஊட்டுல புதினா சோறு நெறைய கீது, எல்லாரும் துண்ணலாம்" என்று பரிமாற ஆரம்பித்தார். அதுவும் விடியற்காலையில் கட்டியதுதான். உதிரி உதிரியாக இருந்தது.

அந்த வரன் கூடிவரவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டும் தட்டிப்போயின. காரணம் கேட்டால் ஜாதகம் என்பார்கள். ஆனால் உறவுக்குள் "அந்த ஊசின சோத்துக்காரப் பொண்ணா?" என்று ஒரு பேச்சு ஓடியது எங்களுக்குத் தெரியும். கல்யாணம் நின்றதற்காக மட்டும் நான் இப்படி வருந்தவில்லை. அக்கா தையல் கற்று, எஸ்டேட்டில் துணி கம்பெனிக்குப் போய், பிறகு நூம்பலில் வீட்டோடு மிஷின் போட்டு, யார் கையையும் எதிர்பாராமல் வாழ்ந்தார். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். என் கல்யாணத்துக்கு நகை போட்டவரும் அவர்தான்.

நான் வருந்துவது வேறு. அன்றிலிருந்து அக்கா வெளியாள் வாயில் படும்படி ஒரு கவளம் சமைக்கவில்லை. வீட்டுக்கு வடித்த சோற்றைக்கூட இரண்டு தடவை மோந்து பார்ப்பார். சந்தேகம் தீராமல் என்னைக் கூப்பிட்டு, "நீ பாருடா, வாடை அடிக்குதா?" என்பார். புத்தம் புதுச் சோறு! "இல்லக்கா, நல்லா இருக்கு" என்பேன். நம்பாமல் மறுபடி மோந்து பார்ப்பார். என் மகள் பிறந்தநாளுக்குக் கடை பிஸ்கட் வாங்கி வருவார். விசேஷ வீடுகளில் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். சிலர் அதைக் கர்வம் என்றீர்கள். சிலர் கஞ்சத்தனம் என்றீர்கள். பூண்டிக்கும் அவர் அப்புறம் வரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது கூடையைத் தானே துடைத்து டெம்போவில் ஏற்றினார், நூம்பலில் தானே பரணிலும் போட்டார். ஏன் இறக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

பிறகு சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக எட்டு மாதம். கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏதோ நினைவில் இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"டேய், பூண்டிக்குப் போனமே... அன்னிக்கு நெஜமா ஆறிச்சாடா?"

பன்னிரண்டு வருஷம் இதை மனதுக்குள் வைத்துப் புரட்டியிருக்கிறார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஆறிச்சிக்கா."

"அப்ப என் கைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் எங்கள் அத்தை, "தங்கமான பொண்ணு, கைப்பக்குவம் ஒன்னுதான் அவளுக்கு வாய்க்கல" என்றார். அத்தை மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் அங்கேயும் இலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்றாவது தடவை!

கூடை இறங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவியைத் தேங்காய் சாதம் செய்யச் சொன்னேன். பாதியை ஆறவைத்து, இலையில் கட்டி, அக்கா செய்த மாதிரியே கூடையில் வைத்தேன். மீதியைச் சூடாக அதே நீலப் பெட்டியில் கொட்டி மூடினேன். "பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிகிச்சா உங்களுக்கு?" என்றாள். ஒன்றரை மணிக்கு இரண்டையும் திறந்தேன். பெட்டிச் சோறு நூல் விட்டது. கூடைச் சோறு இலை மணத்தோடு அப்படியே இருந்தது. அதைச் சாப்பிட்டேன். பிறகுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. பிளாஸ்டிக் பெட்டிகளும் ஓட்டல்களும் வந்துவிட்ட இந்தக் காலத்தில் பிரம்புக் கூடை உபயோகப்படுமா என்று கேட்டாளே, படும். ஆறவைக்கப் பொறுமை இருக்கிறவனுக்குப் படும். என்னிடம் அது இல்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் துணை நின்றவர்களை மறக்க முடியாது. வாரம் தவறாமல் பூந்தமல்லியிலிருந்து வந்து அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட நூர்ஜஹான் அக்கா, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய வேலப்பன்சாவடி ஆட்டோக்காரத் தம்பி, ரத்தம் கொடுத்த என் பட்டறை நண்பர்கள், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்கள், இறுதி நாளிலும் காரியங்களிலும் கூட நின்ற சொந்தங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பிக் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இனி நம் வீட்டு விசேஷங்களில் அக்காவின் பேச்சு வரும். வரட்டும். பிடிவாதக்காரி என்று சொல்லுங்கள், கோபக்காரி என்று சொல்லுங்கள், இரண்டும் உண்மைதான். கைப்பக்குவம் இல்லாதவர் என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். அவர் சமைத்தது நன்றாக இருந்தது. கெடுத்தவன் நான். கட்டிலில் கிடந்து அவர் கேட்டபோது இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கண்ணீருடன்,
தம்பி