லீவு நாள் டிரைவர் பரமேஸ்வரி

சென்ற வியாழக்கிழமை காலை, குன்னூரில் தம்பி வீட்டு வாசலில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். போனில் பரமேஸ்வரியின் மகள் கவிதாவின் பெயர் வந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவாள். எடுத்தவுடன், "சிஸ்டர், அம்மா போயிட்டாங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. "ஆறு மணிக்கு டீ கேட்டாங்க. முழுசா குடிச்சாங்க. கொஞ்சம் சாயுறேன்னு படுத்தாங்க. எழுப்பப் போனேன், எந்திரிக்கல." கையில் இருந்த ஈரத் துணியை எங்கே வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பரமேஸ்வரிக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகம் சரியில்லை என்பதும், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிர்பாராத செய்தி இல்லை. ஆனாலும் அந்த மனுஷி நினைத்ததை முடிக்காமல் பாதியில் விட்டுப் போவார் என்று நான் நம்பியதே இல்லை. அதனால் அதிர்ச்சி.

இதைப் படிக்கும் உங்களில் பலர் எங்கள் எஸ்டேட் ஜீப்பின் பின்சீட்டில் ஒரு முறையாவது படுத்திருப்பீர்கள். யார் ஓட்டினார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் டிரைவர் சீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது எல்லோருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தேவாலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவள் நான்.

எட்டு வயதில் இலங்கையிலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்தவர் பரமேஸ்வரி. தொழிலாளர் குடியிருப்பை நாமெல்லாம் பாடி என்போம். அவர் கடைசிவரை லயம் என்றுதான் சொன்னார். மேனேஜரை துரை என்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வயதிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுத்தார். கணவர் சுப்பிரமணி, வளர்ந்த செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். ஒரே மகள் கவிதா. முப்பத்தொன்பது வயதுவரை அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. அவரே அப்படித்தான் சொல்வார்.

சுப்பிரமணி ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, செடிகளுக்கு நடுவே கத்தியோடு சரிந்து விழுந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நினைவு இருந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எஸ்டேட் ஜீப் ஷெட்டில் நின்றது. சாவியும் ஆபீஸில் தொங்கியது. டிரைவர் குஞ்சுமோன் சேட்டன் நிலம்பூரில் அக்கா மகள் கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தார். மேனேஜர் தன் காரில் ஊட்டிக்குப் போயிருந்தார். மீதி இருந்த நூற்றுச்சொச்சம் பேரில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கம்பளியில் கிடத்தி எட்டுப் பேர் மாறி மாறித் தூக்கி, மேட்டு வழியாக மெயின் ரோட்டுக்குப் போய், வந்த லாரி ஒன்றை நிறுத்தி ஏற்றினோம். பாதி வழியிலேயே என் கைக்குள் நாடி நின்றுவிட்டது. பரமேஸ்வரி என்னிடம் அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஜீப் இருந்துச்சுல்ல சிஸ்டர்?"

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் டிஸ்பென்சரிக்கு வந்தார். மாத்திரைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சிஸ்டர், நான் வண்டி ஓட்டப் பழகப் போறேன்."

துக்கம் பேசுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. "இப்ப எதுக்கு அதெல்லாம் பரமேஸ்வரி? மொதல்ல நல்லா சாப்பிடு, தூங்கு. பொண்ணைப் பாரு" என்றேன்.

"அந்த ஜீப்ப ஓட்டணும். சேட்டன் லீவு போடுற அன்னைக்கு மட்டும் ஓட்டணும். அது போதும்."

டிரைவராகப் போகிறேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். லீவு நாளுக்கு மட்டும். தன் வாழ்க்கையில் எந்த இடத்தில் ஓட்டை விழுந்ததோ, சரியாக அந்த இடத்தை மட்டும் அடைக்க நினைத்தார். நான் வேண்டாம் என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க சிஸ்டர், கண்ணு டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் வாங்கணுமாம். எந்த டாக்டருகிட்ட போகணும்?" என்றார். கடைசியில் நானே அழைத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடலூருக்கு பஸ் ஏறிப்போய் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். வாரத்தில் அரை மணி நேரம்தான் வண்டி கையில் கிடைக்கும். மற்ற ஆறு நாளும் வீட்டில் பழகினார். ஒரு நாள் கவிதாவுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனபோது கண்டேன். பலகை ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் மூன்று கல். கையில் சோறு வடிக்கும் தட்டு. காய்ச்சலில் கிடந்த மகள் பாயிலிருந்தே, "அம்மா, வளைவு! கியர மாத்து!" என்று சொல்ல, அட்டை கடித்த தழும்புகள் நிறைந்த அந்தப் பாதங்கள் கல்லுக்குக் கல் மாறின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் காலை எடுக்கவில்லை.

அவர் பயமறியாதவர் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். வகுப்பு முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்துப் பார்த்தேன், நாடி குதித்துக்கொண்டிருந்தது. "இவ்வளவு பயத்தோட எதுக்கும்மா?" என்றேன்.

"பயந்தான் சிஸ்டர். வெள்ளிக்கிழமை மாரியாத்தாகிட்ட அதத்தான் சொல்றேன். லைசென்ஸ் குடுன்னு கேக்கல. அத நான் வாங்கிக்குறேன். இந்த பயத்துல கொஞ்சத்த நீ வெச்சுக்க ஆத்தான்னு கேக்குறேன்."

"வெச்சுக்கிட்டாளா?"

"பாதி வெச்சுக்கிட்டா. மீதி இருக்கு. அது இருந்தாத்தான் பிரேக் புடிப்பேன்."

முதல் தேர்வில் தோற்றார். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி பின்னால் உருண்டுவிட்டது. மறுநாள் காலை ஆள் எண்ணும் இடத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது, யாரும் கேட்பதற்கு முன் தானே சொன்னார்: "நான் பெயிலு." ஒருவர், "உன் வண்டி ரிவர்ஸ்லதான் போகும் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பரமேஸ்வரி கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே, "இந்தத் தடவ பின்னால போச்சு. அடுத்த தடவ நிக்கும். அதுக்கு அடுத்த தடவ முன்னால போகும்" என்றார்.

அப்படியேதான் நடந்தது. இரண்டாவது தேர்வில் வண்டி உருளவில்லை, ஆனால் இன்ஜின் அணைந்து நின்றுவிட்டது. அப்போதுதான் குஞ்சுமோன் சேட்டன் மனம் இறங்கினார். அதுவரை, "பெண்ணுங்களுக்கு இந்த ரோடு சரியாகில்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். மேனேஜரிடம் அனுமதி கேட்டு, பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஜீப்பை நிறுத்தி, பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளித் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். உள்ளே சோறும் மீன் குழம்பும். "பேடிக்கண்டா, பயம் வேண்டா. உருண்டால் எனிக்கு இன்னைக்கு பட்டினி. அத்ரதான்" என்றார். முதல் ஞாயிறு டப்பா நசுங்கியது. இரண்டாவது ஞாயிறு புது டப்பாவும் நசுங்கியது. மூன்றாவது டப்பா பிழைத்தது. அன்றைக்கு அந்தச் சோற்றை இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

மூன்றாவது தேர்வில் பரமேஸ்வரி லைசென்ஸ் வாங்கினார். கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனபோது மேனேஜர் பாராட்டினார். ஜீப்பைத் தர மறுத்தார். இதுவரை பெண் யாரும் ஓட்டியதில்லை, கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றார். பரமேஸ்வரி வாதாடவில்லை. அடுத்த திங்கட்கிழமை மறுபடி போனார். அதற்கடுத்த திங்களும். நான்கு மாதம், ஒரு திங்கள் தவறாமல், வேலைக்குப் போகுமுன் ஆபீஸ் வராந்தாவில் நின்றார். "முடியாதுன்னு நானா சொல்ல மாட்டேன் சிஸ்டர். ரோடு சொல்லட்டும், வண்டி சொல்லட்டும், கேட்டுக்குறேன்" என்பார். ஒரு திங்களன்று சம்பளச் சீட்டு விஷயமாக நானும் அங்கே இருந்தேன். மேனேஜர் சலிப்போடு கேட்டார்:

"ஏதாவது ஆயிடுச்சுன்னா யாரும்மா பொறுப்பு?"

"ஜீப்ப எடுக்காம விட்ட அன்னைக்கு ஒரு உசுரு போச்சுங்க துரை. அதுக்கு யாரு பொறுப்பு எடுத்தாங்க?"

குரலை உயர்த்தவில்லை. குற்றம் சாட்டும் தொனியும் இல்லை. மேனேஜர் ஒரு தாளை எடுத்து அனுமதி எழுதினார். பிறகு, "லீவு நாளைக்கு மட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர்தான். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஆடி மாதம் அது. மழை விட்டிருந்த ஒரு முற்பகல். குஞ்சுமோன் சேட்டன் காய்ச்சலில் லீவு. ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தெரியாமல் குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டார்கள். ஏழு பேருக்குக் கொட்டு. அதில் சரோஜாவுக்கு முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு இழுத்தது. நான் ஊசி போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தால், பரமேஸ்வரி ஏற்கெனவே ஜீப்பை டிஸ்பென்சரி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். தலையில் கொழுந்துக்காரியின் துணிக்கட்டு அப்படியே இருந்தது.

மூன்றாவது வளைவில் ஒரு யானை, குட்டியோடு, ரோட்டை அடைத்து நின்றது. ஏற்றம். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். என் மடியில் சரோஜாவின் தலை. "ஹாரன் அடி பரமேஸ்வரி!" என்று கத்தினேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"அடிச்சா நம்ம பக்கந்தான் வரும் சிஸ்டர். குட்டிக்காரி யான. கொஞ்சம் பொறுங்க. நீங்க சரோஜா கைய விடாதீங்க."

எத்தனை நிமிடம் என்று தெரியாது. ஐந்தோ, பத்தோ. சரோஜாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். முன்னால் பரமேஸ்வரியின் உதடு மட்டும் அசைந்தது. மாரியாத்தாவிடம் பேசுகிறார் என்று புரிந்தது. கால் பிரேக்கிலிருந்து அசையவில்லை. யானை குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு புதருக்குள் இறங்கியதும் வண்டியைக் கிளப்பினார். அந்தச் செங்குத்து ஏற்றத்தில் ஜீப் ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகவில்லை.

ஏழு பேரும் பிழைத்தார்கள். டாக்டர், "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்" என்று தொடங்கினார். பரமேஸ்வரி அதைக் கேட்க நிற்கவில்லை. வெளியே போய்விட்டார். தேடிக்கொண்டு போனேன். ஜீப்பின் ஸ்டியரிங்கில் தலை வைத்து, கணவர் இறந்தபோதுகூட அழாத அழுகையை அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு நாங்க வந்துட்டோம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

குஞ்சுமோன் சேட்டன் ஓய்வு பெற்றபோது, அவரே போய் மேனேஜரிடம் பரமேஸ்வரி பெயரைச் சொன்னார். அதன்பின் பல வருடம் அவர்தான் டிரைவர். எத்தனை பிரசவம், எத்தனை பாம்புக்கடி என்று நான் கணக்கு வைக்கவில்லை. எல்லாமே வெற்றி என்றும் சொல்ல மாட்டேன். ஒரு பெரியவர் வழியிலேயே இறந்தார். மண் சரிந்து பாதை மறித்திருந்த நாள் அது. திரும்பி வந்து ஜீப்பைக் கழுவித் துடைத்துவிட்டு, டீசல் இருக்கிறதா என்று பார்த்தார். நான் ஆறுதல் சொல்லப் போனேன். "இருக்கட்டும் சிஸ்டர். அடுத்த ஆளுக்கு வண்டி ரெடியா இருக்கணும்ல" என்றார்.

நோய் வந்த பிறகு ஓட்டுவதை விட வேண்டியிருந்தது. கவிதா வேலையை விட்டுவிட்டு உடன் வருகிறேன் என்றபோது சம்மதிக்கவில்லை. டயாலிசிஸுக்குத் தனியாகவே பஸ்ஸில் போய் வந்தார். பங்குனியில் நான் போய்ப் பார்த்தபோது கையில் வீக்கம், முகத்தில் களைப்பு. "எப்படிம்மா சமாளிக்கிற?" என்றேன்.

"மொத்தமா பாத்தா மலையா இருக்கு சிஸ்டர். இன்னைக்கு பஸ்ஸு ஏறணும், அவ்வளவுதான்னு நெனச்சுக்குவேன். ஏறிட்டா, எறங்கணும். எறங்கிட்டா முடிஞ்சுது." சிரித்தார். "உங்களுக்கு அந்த முட்டி வலி எப்படி? ஆபரேசன் பண்ணிக்கச் சொன்னாங்கல்ல?"

பார்க்கலாம் என்றேன். அவர் என் முழங்காலை மெல்லத் தட்டினார். அதுதான் கடைசி.

வியாழன் மாலை போய்ச் சேர்ந்தேன். சரோஜாதான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். புதைக்கும் இடம் குடியிருப்புக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, செங்குத்தான படிகள் ஏறிப் போக வேண்டும். பத்துப் படிக்கு மேல் என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு மேலே போக, நான் பாதியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடத்துக்கும் மேலாக என் நோயாளிகளை ஏற்றிப் போனவருக்கு ஒரு பிடி மண் போட என்னால் ஏற முடியவில்லை.

அவர் படமோ, அவர் பயன்படுத்திய பொருளோ எதுவும் என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது ஒன்றுதான்: பயம் முழுவதும் தீரட்டும் என்று காத்திருக்காமல், மீதி பயத்தோடு எழுந்து போவது. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் முழங்கால் அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் இரண்டாவது வாரம். மூன்று மாதத்தில் படி ஏறலாம் என்கிறார் டாக்டர். கவிதாவிடமும் சொல்லிவிட்டேன். தையில் வருவேன். யாரும் கை பிடிக்க வேண்டாம். நானே ஏறுவேன்.