காய்ச்சல் லீவில் ஒரு டியூனிங்

வேகம் கூட்டப் பெரிய டர்போ மாட்டிய என் காருக்கு இன்ஜின் டியூனிங் செய்ய வேண்டும். பெங்களூரில் டியூனிங் செய்பவர் வண்டியை நேரில் கொண்டுவரச் சொன்னார். சைலன்சர் சத்தத்துக்கே மாநில எல்லையில் போலீஸார் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, ஆன்லைனில் செய்யும் கோவைக்காரரைப் பிடித்தேன்.

"காலி ரோட்டுல நல்லா மிதிச்சு ஓட்டிப்போட்டு, வண்டியோட இணைச்ச லேப்டாப்புல பதிவானதை அனுப்புங்க" என்றார்.

காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, இன்று போச்சம்பள்ளி சாலைக்குப் போனேன். ஷிப்ட் மாறும் நேரம் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. முன்னாலும் பின்னாலும் கம்பெனி பஸ்கள். ஊர்ந்ததையே அனுப்பினேன்.

"ஏனுங்க, டிராக்டருக்குங்களா டியூனிங்?" என்றார் கோவைக்காரர்.

அதுகூடப் பரவாயில்லை. முன்னால் போனது எங்கள் கம்பெனி பஸ். கடைசி சீட்டில் என் சூப்பர்வைசர். இப்போது அவரிடமிருந்து மெசேஜ்: "காய்ச்சல் உனக்கா, வண்டிக்கா?"

பதிலை டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன். யாராவது சொல்லுங்களேன், யாருக்குக் காய்ச்சல் என்று போடட்டும்?