மிச்சமாகத் திரும்பி வரும் மாத்திரைகள்

வலி மாத்திரை கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் சொல்கிறார்கள். அடையாறில், புற்றுநோய் முற்றியவர்களுக்கு வலியைக் குறைத்து வைக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் நான் மருந்தாளுநர். மார்ஃபின் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. அனுமதி பெற்ற எங்களைப் போன்ற இடங்களுக்குத்தான் வரவேண்டும். மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் ஆதம்பாக்கத்திலிருந்தும் வருகிறார்கள். வீட்டில் அப்படி ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் முதலாவதாக வரும் சம்பவத்தை நான் பல வருடங்களாக நம்பவில்லை. அதைச் சொன்ன அம்மா நல்லவர். நம்பாமல் இருக்க எனக்கு என்ன உரிமை என்று என்னையே கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இப்போது அப்படி இருக்க முடியவில்லை. அதே அம்மா இன்று தன் பெயரிலேயே மருந்துச் சீட்டு கொண்டு வருகிறார். மாத்திரையை வாங்குகிறார், சாப்பிடுவதில்லை. அவரைச் சாப்பிட வைக்க வேண்டுமென்றால் அந்தப் பழைய கதையைத் தொட்டாக வேண்டும்.

நிம்மதியாகப் போனார்

தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு எலும்பு வரைக்கும் புற்று பரவியிருந்தது. அவர் மனைவி பாக்கியம் அம்மாதான் மருந்து வாங்க வருவார். ஒவ்வொரு தடவையும் நான் அதையே சொல்வேன். வலி வந்தபின் கொடுக்கிற மாத்திரை இல்லையம்மா, வராமல் இருக்கக் கொடுப்பது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்து, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும். டாக்டர் எழுதியதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். பாக்கியம் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

அண்ணாச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொண்டு வந்தார். அப்படித் தரச் சொல்வது எங்கள் வழக்கம், வேறு யார் கையிலும் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஒன்றிரண்டு அட்டை வரும் என்று நினைத்தேன். மஞ்சள் பை நிறைய வந்தது. பெரும்பாலும் பிரிக்காத அட்டைகள். எங்கள் தொழிலில் ஒரு மாத்திரை மிச்சம் என்றால் ஒரு மனுஷன் நாலு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான் என்று பொருள். "கடைசியில எப்படிம்மா இருந்தார்?" என்றேன். பாக்கியம் அம்மா என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வலி கிடையாது, கேட்டியளா. தூக்கத்துலயே நிம்மதியாப் போய்ச் சேந்தாவ."

கேட்டால் கொடுப்போம்

வலியே இல்லாமல் போகிறவர்கள் உண்டா? உண்டு. கடைசி நாட்களில் மாத்திரை விழுங்க முடியாமல் போகிறவர்களும் உண்டு. பாக்கியம் அம்மாவுக்காக நானே இப்படி வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த நாளே வேறு யாராவது வந்து என் வாதத்தைக் கெடுத்துவிடுவார்கள்.

மயிலாப்பூரிலிருந்து ஒருவர் வருவார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், படித்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் பேசுகிறவர். நோயாளி அவருடைய தம்பி. தாடையில் புற்று. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அதில் மருந்தைக் கரைத்து ஊற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். பாதி மருந்து அப்படியே இருக்கிறதே சார், ஏன் என்று கேட்டேன். "கேட்டா குடுக்கறோம். வலிக்காதப்போ அந்த மாதிரி மருந்தை உள்ளே தள்ளுவானேன்?" என்றார். வலிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்றேன். கவுன்ட்டரில் கைக்குட்டையை விரித்து, மடித்து, திரும்பவும் விரித்தார். பிறகு எனக்குப் பாடம் எடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னார்: "நான்தான் பக்கத்துலயே உக்காந்துண்டு இருக்கேனே சார். அவனுக்கு வேணும்னா வாயைத் தொறந்து கேக்க மாட்டானா?"

ஸ்பீக்கர் போனில் அண்ணன்

ஆதம்பாக்கத்துப் பையன். பையன் என்றால் நாற்பது வயது, தரமணியில் வேலை. அம்மாவுக்கு முதல் தடவையாக மார்ஃபின் எழுதியிருந்தார்கள். அதை வாங்க வந்தபோது போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுன்ட்டர் மேல் வைத்தான். "எங்க அண்ணன் சார். அமெரிக்காவுல இருக்கான். உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணுமாம்."

அண்ணன் பேசியது ரெண்டு வார்த்தை இல்லை. அங்கே ஜனங்கள் இந்த மாதிரி மாத்திரைகளைத் தின்று தின்று சாகிறார்களாம், நாங்கள் அவன் அம்மாவை அடிமையாக்கப் பார்க்கிறோமாம். அங்கே நடப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. கண்டவர்கள் கண்டபடி தின்றால் இது ஆளைக் கொல்லும். அதனால்தான் நாங்கள் இதைப் பூட்டி வைக்கிறோம். ஆனால் புற்றில் எலும்பு அரித்துப்போனவருக்கு டாக்டர் கொஞ்சத்தில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கொடுப்பது வேறு. உடம்பு மருந்துக்குப் பழகும், அது உண்மை. அதனால் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உடம்பு பழகுவதும் போதைக்கு அலைவதும் ஒன்றில்லை. எல்லாம் சொன்னேன். தம்பிக்காரன் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் அம்மா வெளியே பெஞ்சில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார். போன் சொன்னது: "டிசம்பர்ல எனக்கு லீவு கிடைக்கும், நானே நேர்ல வந்து முடிவு பண்றேன். அதுவரைக்கும் அம்மாவைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

ஒத்தடம்

தோலில் ஒட்டுகிற வலி மருந்து ஒன்று உண்டு. பேட்ச் என்போம். பார்க்கச் சாதாரண பிளாஸ்டர் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது மார்ஃபினை விடப் பல மடங்கு வலுவானது. மூன்று நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். வலிக்கிற இடத்தில்தான் ஒட்ட வேண்டும் என்றில்லை. வெட்டக் கூடாது, பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டக் கூடாது, முக்கியமாக அதன்மேல் சூடு படக் கூடாது. இதெல்லாம் உறையில் அச்சிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போல. எழுதியவர்கள் யாருக்காக எழுதினார்களோ தெரியாது.

மந்தைவெளியிலிருந்து ஒரு மருமகள். மாமியாருக்கு இடுப்பில் வலி. தோளில் நர்ஸ் ஒட்டிவிட்ட பேட்ச்சைப் பிரித்து இடுப்பில் ஒட்டியிருக்கிறார். வலி போகவில்லை. நம் வீடுகளில் வலி போகவில்லையென்றால் அடுத்து என்ன? உப்பை வறுத்துத் துணியில் கட்டி, அந்தப் பேட்ச்சின் மேலேயே நன்றாக ஒத்தடம் கொடுத்திருக்கிறார், பாசமாக. சூட்டில் மருந்து மொத்தமாக இறங்கிவிட்டது. மாமியாரை எழுப்ப முடியவில்லை, மூச்சு விட்டுவிட்டு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் பேட்ச்சைப் பிய்த்துப் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதால் பிழைத்தார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். திட்டினால் அடுத்த முறை மருந்தே கொடுக்க மாட்டார். அவர் அழுதுகொண்டே சொன்னார்: "வெறும் பிளாஸ்டர்தானேன்னு நினைச்சேன் சார். நல்லா உள்ள இறங்கட்டும்னுதான் சூடு வெச்சேன்."

சாப்பாடே இல்லை, அப்புறம் எதற்கு

வலி மாத்திரையோடு மலம் இளகுவதற்கும் ஒரு மருந்து எழுதுவார்கள். மார்ஃபின் சாப்பிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும், தினமும் இதுவும் வேண்டும். கவுன்ட்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் வேண்டாம் என்று ஒதுக்குவது இதைத்தான். பத்து நாள் கழித்து நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளுவார். உடனே வலி மாத்திரைதான் குற்றவாளி என்று அதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் இரண்டு வலி. நந்தனத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் ஒருவரிடம் இதை விளக்கி முடித்தபோது எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. அவர் சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்பா சாப்பிடறதே ரெண்டு ஸ்பூன் கஞ்சி. உள்ள போகாதது எப்படி சார் வெளிய வரும்? அதை மட்டும் எடுத்துடுங்க."

கேட்டால் எப்படி இல்லை என்பது

இத்தனை பேரிலும் சொன்ன நேரத்துக்கு, சொன்ன அளவில் மாத்திரை கொடுத்தது ஒரே ஒரு ஆள். ஆட்டோ ஓட்டுகிறவர். அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்து, இப்போது ஊருக்கு வெளியே மாற்றப்பட்ட குடும்பம். அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்று. போனில் அலாரம் வைத்திருந்தார். சவாரி நடுவிலும் அது அடித்தால் வீட்டுக்குப் போன் போட்டு, மனைவி மாத்திரை கொடுத்தாளா என்று கேட்பார். அவரை எல்லோருக்கும் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை வரவேண்டிய நாளுக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

"சார், இன்னொரு அட்டை குடு சார்."

"போன வாரம் குடுத்தது எங்க?"

"நம்ம பிரண்டு ஒர்த்தன், முதுவு வலின்னு துடிச்சிக்கினு இருந்தான். ரெண்டு குடுத்தேன். அப்பாலயும் வலிக்குதுன்னான், இன்னும் ரெண்டு."

"குடிச்சிருந்தானா?"

"பின்ன? வலி தாங்காமத்தான குடிச்சிக்கினு இருந்தான்."

நண்பன் பெரியாஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்து, ஊசி போட்டுப் பிழைத்திருக்கிறான். உன் அம்மாவின் அளவு உன் அம்மாவுக்கு, அவள் உடம்பு படிப்படியாகப் பழகின அளவு. பழகாதவனுக்கு, அதுவும் சாராயத்தோடு, அது விஷம் என்று கத்தினேன். கவுன்ட்டரில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டி வை, யாருக்கும் கொடுக்காதே, மறுபடி கொடுத்தால் உனக்கு மருந்தே கிடையாது என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தலையைச் சொறிந்தார். "இனிமே குட்க மாட்டேன் சார்" என்றார். போகிற வாக்கில் திரும்பி நின்று கேட்டார்: "ஆனா வலிக்குதுன்னு ஒர்த்தன் கண்ணு முன்னாடி கேட்டா, மருந்த கைல வெச்சிக்கினு எப்டி சார் இல்லன்னு சொல்றது? இங்க வர்ற மத்தவங்க எப்டி சொல்றாங்க?"

பாக்கியம் அம்மாவும் நானும்

 ஆட்டோக்காரரின் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் போன வாரம் வந்தார். பாக்கியம் அம்மாவை அவர் மகன் முத்து கையைப் பிடித்து அழைத்து வந்தான். கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். அம்மாவுக்கு முதுகெலும்பில் புற்று வந்திருக்கிறது. மூன்றாவது தடவையாகச் சீட்டு. முதல் தடவை வாங்கின அட்டையே இன்னும் பிரிக்கவில்லை.

"ராத்திரியெல்லாம் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நடக்குறாங்க சார்," என்றான் முத்து. "படுக்க முடியல. கேட்டா ஒண்ணும் இல்லங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

"அவன் சும்மா சொல்லுதான், ஐயா," என்றார் பாக்கியம் அம்மா. "எனக்கு என்ன வலி? வயசாச்சுன்னா உறக்கம் வராது. நான் பாட்டுக்கு நடக்கேன்." சொல்லும்போது கவுன்ட்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

எல்லோரிடமும் சொல்வதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். கொஞ்சமாகத்தான் ஆரம்பிப்போம். மயக்கம் அதிகமாக இருந்தால் உடனே போன் செய்யுங்கள், டாக்டர் குறைப்பார். மலம் இளகும் மருந்தும் கூடவே. பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். அண்ணாச்சிக்காக எத்தனையோ தடவை கேட்ட அதே பேச்சுக்கு, அதே போலத் தலையாட்டினார். இந்த முறையும் மஞ்சள் பை நிறையத் திரும்பி வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொண்டு வருகிறவன் முத்துவாக இருப்பான். அவனும் என் முகத்தைப் பார்த்து, அம்மா நிம்மதியாகப் போனாங்க சார் என்று சொல்வான்.

"மாத்திரை வேண்டாம்யா," என்றார் பாக்கியம் அம்மா, சமாதானம் சொல்வது போல. "எதுக்குப் பழக்கிக்கிடணும்? அவியளே ஒண்ணும் இல்லாம கடைசி வரைக்கும் தாங்கிக்கிட்டாவ. நான் தாங்க மாட்டேனா?"

முத்து சட்டென்று தன் அம்மாவைப் பார்த்தான். தான் சொன்னது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், உதட்டை மடித்துக்கொண்டார். செத்துப்போன மனிதரைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இவர் உயிரோடு என் முன்னால் நிற்கிறார், நிற்க முடியாமல் நிற்கிறார். ஒரு அட்டையைப் பிரித்து, ஒரு மாத்திரையை எடுத்து, என் தண்ணீர் பாட்டிலோடு அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டேன்: "அவருக்கு வலியே இல்லைன்னு சொன்னீங்க, உங்களுக்கும் வலியே இல்லைங்கிறீங்க, அப்புறம் ரெண்டு பேரும் எதைத்தாம்மா தாங்கிக்கிட்டீங்க?"