அக்கா கல்யாணப் படத்துக்கு மூன்று வயர்கள்

டிவிடி பிளேயரின் பின்னால் மஞ்சள் வயரைச் செருகும்போது டிவிக்குள்ளிருந்து 'கொர்'ரென்று ஓர் இரைச்சல் கிளம்பும். அதைக் கேட்டதும் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய 'லைன் வீட்டில்' இருந்தோம். அப்பா எஸ்டேட் பங்களாவில் வாட்ச்மேன், அம்மா காப்பிப் பழம் பறிப்பவள். பங்களாவுக்குப் புது டிவி வந்தபோது பழையதையும் பிளேயரையும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் அம்மா விரும்பிப் பார்த்தது, திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்காவின் கல்யாணப் படம் ஒன்றைத்தான்.

நான் ஆறாவது படித்த வருஷம் அம்மா சொல்ல ஆரம்பித்தாள்: "ஏனுங்க, படத்துல நூலாம்படையாட்டம் ஓடுது. புள்ள மூஞ்சியே தெரியல."

படத்திலும் குறை இருக்கத்தான் செய்தது. கூறைப்புடவையின் சிவப்பு கரையைத் தாண்டிக் கழுத்துவரை வழிந்திருந்தது. மாலையின் ஓரமெல்லாம் புள்ளிகள் ஊர்ந்தன. ஒண்டிக்கடை முக்கில் டிவி ரிப்பேர் பார்ப்பவர், "மஞ்ச வயர்ல எல்லாக் கலரும் ஒண்ணா அடைஞ்சு வருதுங்க. தனித்தனியா வர்ற வயரு போடுங்க, நொம்ப வித்தியாசம் தெரியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தலை வைத்த வயரை அப்பா வாங்கிவந்து, மஞ்சளையும் கழற்றாமல் விட்டு, அக்காவின் முகத்தில் படத்தை நிறுத்திவைத்து, ரிமோட்டை அழுத்தி இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார். புது வயரில் சிவப்பு புடவைக்குள்ளேயே நின்றது. மூக்குத்தி தனியாக மின்னியது.

"இப்பப் பாரு சரசு."

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது."

வயர்தான் மட்டம் என்று அப்பா முடிவுகட்டினார். அடுத்த வாரமே சேலத்துக்கு இறங்கிப் போய், இருப்பதிலேயே நல்லது என்று கடைக்காரர் கொடுத்த 'எச்.டி.எம்.ஐ' வயரோடு வந்தார். அக்காவின் தலைமுடியில் சிக்கியிருந்த அட்சதை அரிசிகூடத் தெரிய, நான் கத்தியே விட்டேன். அப்பா திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முன்னால் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்பத்தானுங்க நல்லாத் தெரியுது" என்றாள். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் வயரைத் தொடவில்லை.

அந்தப் பறிப்புக் காலத்தில் அம்மாவின் கூடையில் பழத்தோடு பச்சைக் காய்களும் விழ, கணக்கெழுதும் ரைட்டரிடம் அவள் ஏச்சு வாங்கினாள். ஒருநாள் காலை, சரிவில் இறங்கும்போது படி இல்லாத இடத்தில் கால்வைத்து உருண்டாள். காலுக்குக் கட்டுப்போட்ட டாக்டர்தான் அவள் பார்வையைக் கவனித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சர்க்கரை நாள்பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, ஒரு கண் போய்விட்டது, மற்றதும் அதிக நாள் தாங்காது, முன்பே வந்திருக்கக் கூடாதா என்றார்கள் அங்கே. தனக்குச் சர்க்கரை இருப்பதே அம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஏறும்போது அப்பா கேட்டார்: "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல புள்ள?"

"நீங்க மலையெறங்கிப் போயி ஆசையா வாங்கியாந்தீங்க. எத்தனை தடவைதானுங்க தெரியலை, தெரியலைன்னு சொல்றது?"

அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

லைன் வீடுகளை இடித்து இப்போது விருந்தினர் அறைகள் கட்டிவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். அம்மா கிளியூரில் என்னோடு இருக்கிறாள். சாயங்காலம் சீரியல் ஓடும். குரலை வைத்தே ஆளைக் கண்டுகொள்வாள். முன்பெல்லாம், "என்ன கலரு சேலை கட்டியிருக்கறா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சமீபகாலமாக அந்தக் கேள்வி நின்றுவிட்டது. போன வாரம் நானாகவே, "பச்சைச் சேலைம்மா" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "பச்சை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுடா சாமி" என்றாள்.